மகள் லொகேஷனை நிறுத்திவிட்டாள்

கேள்வி: எனக்கு 47 வயது. கிருஷ்ணகிரி மாவட்டம், போச்சம்பள்ளி பக்கம் ஒரு கிராமம். கணவரும் நானும் மாங்கன்று நாற்றங்கால் வைத்திருக்கிறோம். இரண்டு பெண்கள். பெரியவளைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஊத்தங்கரையில் கட்டிக்கொடுத்துவிட்டோம். சின்னவள் 2002-இல் பிறந்தாள். இதுவும் பெண் என்று தெரிந்ததும் என் மாமியார் குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகு மூன்று மாதம் நான் குழந்தை மேல் கை வைத்தபடியேதான் தூங்கினேன். கொல்லைக்குப் போனாலும் தூக்கிக்கொண்டுதான் போவேன். அவளுக்கு 17 வயதில் உறவில் பெண் கேட்டு வந்தார்கள். சண்டை போட்டுத் திருப்பி அனுப்பினேன். கம்மலை விற்றுப் பொறியியல் படிக்க வைத்தேன். புனேயில் வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. மூன்று வேளையும் போன் செய்வேன். எடுக்காவிட்டால் கூடத் தங்கியிருக்கும் பெண்ணுக்குச் செய்வேன். போன மாதம் ஒருநாள் இரவு 11 மணி வரை எடுக்கவில்லை. அவளுடைய அலுவலக எண்ணுக்கே கூப்பிட்டுவிட்டேன். மறுநாள், "எனக்கு 23 வயது அம்மா, என்னைக் கொஞ்சம் விடுங்கள்" என்று கத்தினாள். போனில் லொகேஷன் காட்டுவதையும் அன்றே நிறுத்திவிட்டாள். இப்போது வாரம் ஒருமுறைதான் பேசுகிறாள். "பெண்ணை அதிகம் படிக்க வைத்தால் இப்படித்தான்" என்கிறார் நாத்தனார். இரவு இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை தூக்கம் இல்லை. வேலையை விட்டு வரச் சொல்லலாமா? பர்கூரில் நல்ல இடம் ஒன்று வந்திருக்கிறது, முடித்துவிடலாமா? நான் வளர்த்த விதம் தவறா? போன வாரம் ராகி மாவு அனுப்பச் சொன்னாள். கோபத்தில் இன்னும் அனுப்பவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தை இங்கே சுருக்கித் தந்திருக்கிறோம். முழுக் கடிதத்தையும் மூன்று முறை படித்தேன். மகள் லொகேஷனை நிறுத்தியதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பச்சைக் குழந்தை மேல் கை வைத்துத் தூங்கியதைப் பற்றி இரண்டே வரி. அந்த இரண்டு வரியிலிருந்து தொடங்குகிறேன்.

2002-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை. 2004 பிப்ரவரி வரை நாம் எல்லோரும் தருமபுரி மாவட்டத்துக்காரர்கள்தான். சேலத்தில் 1992-இல் கொண்டுவந்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு 2001-இல் தருமபுரிக்கும் நீட்டித்தது. பெண் குழந்தை வேண்டாம் என்பவர்கள் அதைக் கொன்றுவிடாமல் தொட்டிலில் போட்டுவிட்டாவது போகட்டும் என்று ஓர் அரசாங்கம் கெஞ்ச வேண்டியிருந்த மண் இது. அதற்கு அடுத்த ஆண்டு உங்கள் வீட்டில் இரண்டாவதாக ஒரு பெண் பிறந்தாள். முகம் பார்க்காமல் போன மாமியார் மனதில் என்ன இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நானும் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் அந்த மூன்று மாதம் நீங்கள் பட்டது வீண் பயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் ஊரில், அந்த வருடத்தில், ஒரு தாய் அப்படித்தான் படுத்திருக்க வேண்டும். உங்கள் கை செய்ய வேண்டியதைச் செய்தது.

அந்தக் கை இன்னும் எடுக்கப்படவில்லை. உங்கள் தூக்கம் கெடுவதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆபத்து பக்கத்தில் இருக்கும்போது உடம்பு முழுதாகத் தூங்குவதில்லை. தட்டு விழுந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை கால் ஓடத் தயாராகிவிடும். அட்ரினலின் என்ற சுரப்பின் வேலை அது. நீண்ட நாள் அப்படியே இருந்தால் உடம்பு அதைப் பாடமாகவே மனனம் செய்துகொள்கிறது. மகளுக்கு 17 வயதில் தாம்பூலத் தட்டோடு ஆட்கள் வாசலில் வந்து நின்றபோது அதே படபடப்பு உங்களை எழுப்பி நிறுத்தியது. அப்போதும் அது சரியான நேரத்தில்தான் வந்தது. இப்போது புனேயில் ஒரு பெண் போனைப் பையில் போட்டுவிட்டுத் தோழிகளோடு சாப்பிடப் போகிறாள். இங்கே அதே படபடப்பு. அவளுக்கு 23 வயது என்று உங்கள் அறிவுக்குத் தெரியும். நெஞ்சுக்கு அது தெரியாது. அதற்கு அவள் இன்னும் கைக்கு அடியில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் மூன்று மாதக் குழந்தைதான்.

அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். போன் செய்கிறீர்கள், அவள் எடுக்கிறாள், படபடப்பு சட்டென்று இறங்குகிறது. கூப்பிட்டதால்தான் நிம்மதி வந்தது என்று மனம் குறித்துக்கொள்கிறது. கூப்பிடாமல் இருந்திருந்தாலும் அவள் நன்றாகத்தான் இருந்திருப்பாள் என்பதைக் கற்றுக்கொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அதனால் அடுத்த படபடப்பு இன்னும் சீக்கிரம் வருகிறது. தினம் ஒரு தடவை செய்த போன் மூன்று வேளை ஆகிறது, பிறகு அறைத்தோழி, பிறகு அலுவலகம். கிருஷ்ணகிரியில் என்னிடம் வரும் தாய்மார்கள் பலரும் இதே படிகளில்தான் ஏறி வந்திருக்கிறார்கள். லொகேஷனும் அப்படித்தான். திரையில் அந்தப் புள்ளி அசையாமல் இருந்தால் ஏன் அசையவில்லை என்று பயம், அசைந்தால் எங்கே போகிறாள் என்று பயம். அவளை அது ஒருநாளும் காக்கவில்லை. உங்களைத்தான் தின்றது.

நாத்தனார் சொன்னதற்கு வருகிறேன். அந்தப் பேச்சு எனக்கு உண்மையாகவே கோபமூட்டியது. படித்ததால் மகள் எதிர்த்துப் பேசுகிறாள் என்றால், படிக்காமல் பயந்து வாய்மூடி வாழ்ந்த நம் அத்தைகளும் பெரியம்மாக்களும் மகிழ்ச்சியாக இருந்தார்களா? உங்கள் மகள் உங்களிடம் கத்தியிருக்கிறாள். கத்தினாலும் அம்மா தன்னைக் கைவிட மாட்டாள் என்று அடிமனதில் உறுதியாக நம்பும் பிள்ளைதான் கத்தும். கத்திய பிறகும் வாரம் ஒருமுறை பேசுகிறாள், ராகி மாவு கேட்கிறாள். உறவை அறுத்துக்கொள்ள நினைப்பவள் மாவு கேட்பாளா? வளர்த்த விதம் தவறா என்று கேட்டிருந்தீர்கள். தவறாக வளர்த்த பிள்ளை முன்பின் தெரியாத ஊரில், மொழி புரியாத இடத்தில், எட்டு மாதம் வேலை செய்து நிற்காது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நல்லவளாக இருக்கலாம், உண்மையானவளாக இருக்க முடியாது. அலுவலகத்துக்குக் கூப்பிட்டது தவறு. வேலையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு மேலதிகாரிகள் முன்னால் அது பெரிய தலைகுனிவு. இதற்கு மன்னிப்புக் கேளுங்கள். தாய் மகளிடம் மன்னிப்புக் கேட்பதா என்று தோன்றலாம். கேட்கலாம், நம் வீடுகளில் அது அதிகம் நடக்க வேண்டும். "அலுவலகத்துக்குப் போன் செய்தது என் தவறு. இனி செய்ய மாட்டேன்." இவ்வளவு போதும். "உன் மேல் இருந்த பாசத்தால்தான் செய்தேன்" என்று ஒரு வால் சேர்க்காதீர்கள். அந்த வால் சேர்ந்த உடனே மன்னிப்பு மறுபடியும் புகாராக மாறிவிடும்.

விடுவது எப்படி என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் கைக்கே அது தெரியும். சந்தூர் பக்கம் ஒரு நாற்றங்காலில் பழைய முறையில் நெருக்கு ஒட்டு கட்டுவதைப் பல வருடங்களுக்கு முன் நின்று பார்த்திருக்கிறேன். தாய்மரத்தின் கிளை உயரத்துக்குப் பரண் கட்டி, அதன்மேல் தொட்டியில் வேர்ச்செடியை வைத்திருந்தார்கள். கிளையிலும் செடியிலும் பட்டையை ஒரே அளவுக்குச் சீவி, இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்தி, ஓர் அம்மா இறுக்கிச் சுற்றினார். இரண்டு மூன்று மாதம் கிளை மரத்திலேயேதான் இருக்கும், மரத்தின் சாறும் வரும், புது வேரின் நீரும் வரும். ஒட்டுப் பிடித்த பிறகும் ஒரே வெட்டில் அறுத்துவிட மாட்டோம் என்றார் அவர். கட்டுக்குக் கீழே முதலில் பாதி ஆழம் வெட்டு, சில நாள் கழித்து மீதி. மரத்திலிருந்து இறக்கிய கன்றை உடனே வெயிலில் வைக்காமல் கொஞ்ச நாள் நிழலில் வைப்பார்களாம். இப்போது மென்தண்டு ஒட்டுதான் அதிகம், இவ்வளவு காத்திருப்பதில்லை என்று தெரியும். ஆனாலும் அந்த அம்மா கத்தியைப் பாதியில் நிறுத்திய இடம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வெட்டு ஆழம் தெரிந்த கை அது. நீங்களும் அந்தத் தொழிலில் இருப்பவர்.

குழந்தை மருத்துவராக இருந்து உளப்பகுப்பாய்வாளரான இங்கிலாந்துக்காரர் டொனால்ட் வின்னிகாட் 1950-களில் இதைத்தான் வேறு சொற்களில் எழுதினார். தாய் முதலில் குழந்தையின் ஒவ்வொரு தேவைக்கும் முழுதாக ஈடுகொடுக்கிறாள். பிறகு குழந்தை தாங்கும் அளவு பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் குறைக்கிறாள். குறைப்பதும் தாய்மையின் வேலைதான், அதில் அன்பு குறைவதில்லை என்பது அவர் கருத்து.

ஆகவே மூன்று வேளை போனை ஒரே நாளில் நிறுத்தச் சொல்ல மாட்டேன். மன்னிப்புக் கேட்டபின் மகளிடமே கேளுங்கள்: "உனக்கு எந்த நேரம் பேசத் தோதுப்படும்?" அவள் சொல்லும் நாளையும் நேரத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் காலையில் ஒரு செய்தி போதும், அதுவும் கேள்வியாக இருக்க வேண்டாம். "சாப்பிட்டாயா?", "எங்கே இருக்கிறாய்?" என்றால் அவள் பதில் சொல்லியே தீர வேண்டும். "இன்று செந்தூராக் கன்று நூறு அனுப்பினோம்" என்றால் அவளுக்கு வீடு கண்ணில் தெரியும், பதில் சொல்லும் பாரம் இருக்காது. அறைத்தோழியின் எண் அவசரத்துக்கு மட்டும். எது அவசரம் என்பதையும் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்: ஒரு முழுநாள் செய்தியே இல்லையென்றால், அல்லது வீட்டில் யாருக்காவது உடல்நிலை மோசமானால். இரவு ஒருமுறை எடுக்காதது இனி அந்தக் கணக்கில் சேராது.

படபடப்பு வந்ததும் போனை எடுக்காமல் கடிகாரத்தைப் பாருங்கள். இருபது நிமிடம் தள்ளிப்போடுங்கள். பாலித்தீன் பைகளில் மண் நிரப்புங்கள், புளியை உடைத்துக் கொட்டை எடுங்கள், கையில் ஏதாவது வேலை இருக்கட்டும். படபடப்பு ஏறி உச்சிக்குப் போய்த் தானாகவே இறங்குவதை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டால், அடுத்த முறை அதன் மேல் அவ்வளவு பயம் இருக்காது. ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: என்ன நடந்துவிட்டது என்று பயந்தேன், உண்மையில் என்ன நடந்தது. ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கங்களைப் படியுங்கள்.

வெளியூரில் பெண் தனியாக இருப்பதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரவுப் பணி முடிந்தால் எப்படித் திரும்புகிறாள், 112 என்ற அவசர எண்ணைப் போனில் வைத்திருக்கிறாளா, பக்கத்தில் நம்பகமானவர்கள் யார் என்று ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். ஒருமுறை. தினமும் அல்ல.

வேலையை விட்டு வரச் சொல்லாதீர்கள். பர்கூர் இடத்துக்கு அவளைக் கேட்காமல் சம்மதம் சொல்லாதீர்கள். அவளைக் காவலில் வைக்கக் கல்யாணத்தைப் பயன்படுத்தினால், அவளுடைய 17 வயதில் நீங்கள் போட்ட சண்டையை நீங்களே தோற்றதாக ஆகிவிடும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. நான்கு பக்கக் கடிதத்தில் பெரிய மகளைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஊத்தங்கரையில் கட்டிக்கொடுத்துவிட்டோம், அவ்வளவுதான். அவள் பெயர்கூட இல்லை. அவளுக்குக் குழந்தைகள் உண்டா, படிக்க ஆசைப்பட்டாளா, ஒன்றும் தெரியவில்லை. அந்த வரியை நீங்கள் வேகமாகக் கடந்து போயிருக்கிறீர்கள். வலிக்கும் இடத்தைத்தான் நாம் அப்படிக் கடப்போம். பெரியவளுக்காக அன்று உங்களால் நிற்க முடியாமல் போயிருக்கலாம். அந்த ஆற்றாமையும் சேர்ந்துதான் சின்னவளுக்காக அவ்வளவு வலுவாக நின்றீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் மன்னியுங்கள். சரியென்றால், ஒரு மகள் மேல் இரண்டு மகள்களின் பாரமும் ஏறியிருக்கிறது. நீங்கள் பறிகொடுத்த வாய்ப்புகளையும் அக்காவுக்குக் கிடைக்காத படிப்பையும் சேர்த்துச் சுமந்துகொண்டு அவள் புனேயில் இருக்கிறாள். அவள் "கொஞ்சம் விடுங்கள்" என்றது அந்தச் சுமையையும் சேர்த்துத்தான் இருக்கும்.

ஊத்தங்கரை உங்களுக்குப் பஸ்ஸில் போய் மாலையே திரும்பிவிடும் தூரம். ஒருநாள் போய் வாருங்கள். அறிவுரை சொல்லவோ அவள் குடும்பத்தைச் சரிபார்க்கவோ போகாதீர்கள். அவள் சமைப்பதைச் சாப்பிட்டுவிட்டு, அவள் பேசுவதைக் கேட்டுவிட்டு வாருங்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளையைப் பற்றி நமக்குக் கவலை இல்லாததால், அவளுக்குத் தாய் தேவைப்படவில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

என் தாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பென்னாகரத்திலிருந்து நான் சென்னைக்குப் படிக்கப் போனபோது தருமபுரி பஸ் நிலையம் வரை வந்தார். கைக்குட்டையில் முடிந்த 50 ரூபாயை என் கையில் திணித்தார். பஸ் கிளம்புவதற்கு முன்பே திரும்பி, கூட்டத்துக்குள் நடந்து மறைந்துவிட்டார். மற்ற பெண்களின் அம்மாக்கள் எல்லாம் ஜன்னலோரம் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். என் அம்மாவுக்கு என் மேல் பாசமே இல்லை என்று கிருஷ்ணகிரி வரை அழுதுகொண்டே போனேன். அந்த மனத்தாங்கல் பல வருடம் இருந்தது. எனக்கே ஒரு குழந்தை பிறந்த பிறகுதான் கேட்டேன், ஏன் அன்று நிற்கவில்லை என்று. "நான் அழுதால் நீ இறங்கிவிடுவாய். நீ இறங்கினால் நான் திரும்ப ஏற்றிவிட மாட்டேன். அதனால்தான் போனேன்" என்றார். அவர் எங்கும் போகவில்லை, கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் நின்று பஸ் வெளியேறுவதைப் பார்த்திருக்கிறார். நான் நல்லவிதமாகப் போய்ச் சேர்ந்தேன் என்ற அஞ்சலட்டை வர ஐந்து நாள் ஆகியிருக்கிறது. அந்த ஐந்து நாளும் எப்படி இருந்தீர்கள் என்று நான் கடைசிவரை கேட்கவே இல்லை.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 47 வயது நம் பெண்களில் பலருக்கு மாதவிடாய் நிற்கும் வயது. பாதி இரவில் விழிப்பு, திடீர் வியர்வை, காரணமில்லாத படபடப்பு, எரிச்சல் எல்லாம் அதனாலும் வரும். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் அப்படியே செய்யும். எல்லாவற்றையும் மகள் பிரிந்த துக்கம் என்று எண்ணிச் சும்மா இருந்துவிடாதீர்கள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கினார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க உங்கள் ஊருக்கே பணியாளர்கள் வருவார்கள். மற்றவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் அழுகையும் பசியின்மையும் இருந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், தள்ளிப்போடாமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். கிருஷ்ணகிரியிலும் இருக்கிறது, தருமபுரியிலும் இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.

கணவரைப் பற்றி, "அவர் ஒன்றும் பேச மாட்டார், கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார்" என்று எழுதியிருந்தீர்கள். ஒருநாள் அவரிடம் கேட்டுப் பாருங்கள், உங்களுக்கும் அவள் நினைப்பு வருகிறதா என்று. அவருக்கும் அந்த வீடு காலியாகத்தான் இருக்கும்.

ராகி மாவை இந்த வாரமே அனுப்புங்கள். கொஞ்சம் நொய்யரிசியும் தனியாகக் கட்டி வையுங்கள், புனேயில் நல்ல நொய் கிடைக்குமோ என்னவோ. மாங்காய் ஊறுகாய் இருந்தால் அதுவும் ஒரு பாட்டில். உள்ளே அறிவுரைச் சீட்டு எதுவும் வேண்டாம். எத்தனை தம்ளர் தண்ணீர், எப்போது மாவைப் போட வேண்டும், கட்டி விழாமல் எப்படிக் கிண்ட வேண்டும் என்றும் எழுதி அனுப்பாதீர்கள். களி கிண்ட வரவில்லையென்றால் அவளே கூப்பிடுவாள்.